பக்கத்து வீட்டு அபி



2006-ஆம் ஆண்டு மார்கழி மாதம். வெண்ணாற்றங்கரையை அடுத்த ஓர் ஊரில் அப்பொழுது நான் தலைமையாசிரியனாக இருந்தேன். அலுவல்கள் எத்தனை இருந்தபோதிலும் பத்தாம் வகுப்புக்குத் தமிழ் இரண்டாம் தாள் நடத்துவதை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்த ஆண்டின் அரையாண்டுத் தேர்வில் ‘நான் பின்பற்ற விரும்பும் பெண்மணி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தால், ஜான்சிராணி, அன்னை தெரசா, மீண்டும் ஜான்சிராணி, மீண்டும் அன்னை தெரசா! வழிகாட்டி நூலில் இருந்த கட்டுரைகள் எழுத்துப் பிசகாமல் என் மேசைக்கு வந்து சேர்ந்திருந்தன. அவற்றுக்கெல்லாம் தாராளமாக மதிப்பெண் இட்டேன்.

ஒரே ஒரு மாணவி மட்டும் ‘அபி’ என்ற பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாள். யார் இந்த அபி? சன் தொலைக்காட்சியில் அந்நாளில் இரவுதோறும் நடந்துகொண்டிருந்த ‘கோலங்கள்’ தொடரின் கதைத்தலைவி. எனக்கு வந்த சினத்தைச் சொல்லி முடியாது. ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று சிவப்பு மையால் எழுதி, பத்துக்கு இரண்டு மதிப்பெண் இட்டேன். போதாக்குறைக்கு வகுப்பிலும் அதை எடுத்துச் சொல்லி, மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி செய்துவிட்டேன்.

மாலையில் அந்தப் பெண் என் அறை வாயிலில் வந்து நின்றாள். அழவில்லை. “சார், அன்னை தெரசா ரொம்பப் பெரியவங்க. நான் அவங்களைக் கும்பிடலாம். அவங்களா ஆக முடியாது. அபி எங்க அக்கா மாதிரி இருக்காங்க” என்றாள். மதிப்பெண்ணைக் கூட்டித் தரும்படி கேட்கவும் இல்லை. சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

அவள் சொன்ன சொற்களில் ஒன்று என்னை விடாமல் தொடர்ந்தது. ‘மாதிரி’ என்ற சொல்தான் அது. நாம் மேடையில் ‘முன்மாதிரி’ என்று முழங்குகிறோம். அந்தச் சொல்லுக்குள் ‘மாதிரி’ ஒளிந்திருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ‘என் மாதிரி, என் அக்கா மாதிரி’ என்று முதலில் ஒருத்தியைப் பற்றிச் சொல்ல முடிந்தால்தான், பிறகு அவள் முன்மாதிரியாகவும் ஆக முடியும். ஆசிரியப் பயிற்சியில் நான் படித்த உளவியலும் இதைத்தான் சொல்லியிருந்தது. ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் 1961-இல் சிறு குழந்தைகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். பெரியவர் ஒருவர் ஒரு பொம்மையை அடிப்பதைக் கண்ட பிள்ளைகள், தனியே விடப்பட்டபோது, தாமும் அவ்வாறே அடித்தன. யாரும் அவற்றுக்குப் பாடம் சொல்லவில்லை; கண்டதே பாடமாயிற்று. ஆண் ஒருவர் அடிப்பதைக் கண்டபோது, பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே மிகுதியாக அடித்தன என்பதும் அச்சோதனையில் தெரிந்தது. இதையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்து எழுதி, பட்டமும் பெற்றவன் நான். என் எதிரே ஒரு பெண் வந்து நின்று அதையே சொன்னபோது எனக்கு விளங்கவில்லை!

நம் தஞ்சைத் தரணிக்கு இது புதிய செய்தியும் அன்று. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ‘ஏ.டி.டி. 27’ என்ற குறுகிய கால நெல் வந்தது. வேளாண்மைத் துறையினர் சொன்னது ஒரு பக்கம் இருக்க, திருச்சிராப்பள்ளி வானொலியில் நாள்தோறும் கேட்டுப் பழகிய குரல்கள் அதைப் பற்றிப் பேசியபோதுதான் உழவர்கள் அந்த விதையைத் தேடிப் புறப்பட்டார்கள். விதைக்கு அவர்கள் இட்ட பெயரே ‘ரேடியோ நெல்’! பெட்டியிலிருந்து வந்த குரலானாலும் அது பழகிய குரல். வாய்க்கால் கரையில் நின்று பேசுகிறவன் குரல் போல இருந்தது. முன்பின் தெரியாத பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்வோம். நம்மைப் போன்றவன் சொன்னால்தான் வயலில் இறங்குவோம்.

தொலைக்காட்சி நம் பகுதிக்கு வந்த வரலாற்றையும் சற்றே நினைவுபடுத்திக் கொள்ளலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கிற்று. ஆயினும் காவிரிப் படுகைக்கு அது எட்டவில்லை. பின்னர்க் கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்தபோது, ஊருக்கு ஒரு வீட்டில் பெட்டியும், அந்த வீட்டுக் கூரைக்கு மேல் தென்னை மரத்தோடு போட்டியிடும் உயரத்தில் ஒரு குழாயும் தோன்றின. காற்றடித்தால் ஒருவர் மேலே ஏறிக் குழாயைத் திருப்புவார். கீழே நிற்பவர், “தெரியுது, தெரியுது, போச்சு!” என்று கத்துவார். 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தது. கம்பி வழி இணைப்பும் தெருத் தெருவாக வந்தது. 2006-க்குப் பிறகு அரசே ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு விலையின்றி வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி கொடுத்தது. குடிசையிலும் பெட்டி ஒளிர்ந்தது.

அந்தப் பெட்டிக்குள் வந்த பெண்கள் யார்? இங்கே நம் மண்ணின் மைந்தர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். இயக்குநர் கே. பாலசந்தர் 1930-இல் நன்னிலத்தை அடுத்த நல்லமாங்குடியில் பிறந்தவர். சிறிது காலம் முத்துப்பேட்டையில் பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். (ஆசிரியத் தொழிலை விட்டு அவர் போனது கலைக்கு இலாபம், எங்களுக்கு இழப்பு.) 1974-இல் வந்த ‘அவள் ஒரு தொடர்கதை’ என்ற படத்தில், குடும்பத்தைத் தன் தோளில் சுமக்கும் கவிதா என்னும் வேலைக்குப் போகும் பெண்ணை அவர் படைத்துக் காட்டினார். பிற்காலத்தில் ‘ரயில் சிநேகம்’, ‘கையளவு மனசு’ என்று தொலைக்காட்சித் தொடர்களும் எடுத்தார். 1999-இல் தொடங்கிய ‘சித்தி’ தொடரில் ராதிகா ஏற்ற சாரதா என்னும் பாத்திரம், மூத்தாள் பிள்ளையைக் கொடுமைப்படுத்துபவள் சித்தி என்ற பழைய எண்ணத்தை எத்தனையோ வீடுகளில் அசைத்துப் பார்த்தது. திருச்செல்வம் இயக்கி, தேவயானி அபியாக நடித்த ‘கோலங்கள்’ 2003-இல் தொடங்கி 2009 வரை ஓடிற்று. தந்தை விட்டுச் சென்ற குடும்பத்தின் மூத்த மகள் அபி. தம்பி தங்கைகளைத் தாங்குகிறாள். பணத்தாசை பிடித்த கணவனிடம் துன்புறுகிறாள். கட்டடம் கட்டும் தொழிலில் ஆண்களோடு போட்டியிட்டு நிற்கிறாள். 1974-இன் கவிதாவுக்கு இவளை ஒரு தங்கை என்றே சொல்லலாம்.

திரைப்படத்துக்கும் தொடருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் கதைத்தலைவி மூன்று மணி நேரத்தில் வென்றுவிடுவாள். தொடரில் அவள் திங்கட்கிழமை தோற்பாள், செவ்வாய்க்கிழமை அழுவாள், புதன்கிழமை எழுந்து வேலைக்குப் போவாள். நம் வீட்டுச் சோற்று வேளையிலேயே அவளும் சோறு உண்பாள். ஆறு ஆண்டுகள் ஒருத்தி நாள்தோறும் வீட்டுக்கு வந்தால், அவள் நடிகை என்பது மறந்து போகிறது. பக்கத்து வீட்டுப் பெண்ணாகிவிடுகிறாள். 1956-ஆம் ஆண்டிலேயே ஹார்ட்டன், வோல் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், நேரில் காணாதவரோடு கொள்ளும் இத்தகைய ஒருவழி நட்பைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர்.

இந்த நட்பு என்ன செய்யும் என்பதற்குத் தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டில் ஒரு வியப்பான கதை நடந்தது. 1969-இல் அங்கே ‘வெறும் மரியாள்’ என்று நாம் சொல்லக்கூடிய பெயரில் ஒரு தொடர் தொடங்கிற்று. மரியா மலைநாட்டு ஏழைப் பெண். தலைநகராகிய லிமாவுக்கு வந்து வீட்டு வேலை செய்கிறாள். ஏமாற்றப்பட்டுக் கைக்குழந்தையோடு நிற்கிறாள். எஸ்தபான் என்ற ஆசிரியரிடம் எழுத்துக் கற்கிறாள். தையல் இயந்திரம் ஒன்றைக் கொண்டு சிறுகச் சிறுக உயர்ந்து, பெயர் பெற்ற உடையலங்காரக் கலைஞராகிறாள். என்ன நடந்தது? வீட்டு வேலை செய்யும் பெண்கள் இரவுப் பள்ளிகளில் சேர்ந்தார்கள். தையல் வகுப்புகளில் இடம் கிடைக்கவில்லை. சிங்கர் நிறுவனத்தின் தையல் இயந்திரங்கள் நன்றாக விற்றன. மரியாவுக்கும் ஆசிரியருக்கும் திருமணம் நடக்கும் காட்சியை லிமா நகரத் தேவாலயம் ஒன்றில் படமெடுத்தபோது, ஏறத்தாழ பத்தாயிரம் பேர் வந்து கூடிவிட்டார்கள். ஆசிரியத் தொழிலில் இருந்தவனாகையால், அந்த எஸ்தபானுக்குக் கிடைத்த மரியாதையை எண்ணி நானும் சற்றே மகிழ்ந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை!

இதைக் கூர்ந்து கவனித்தவர் மெக்சிகோ நாட்டு மிகேல் சபிதோ. நல்லவளையும் கெட்டவளையும் காட்டினால் மட்டும் போதாது. இரண்டுக்கும் நடுவே தத்தளித்து, தவறு செய்து, திருந்தி, மெல்ல நன்மைப் பக்கம் நகரும் பாத்திரம் ஒன்று வேண்டும். மக்கள் பின்செல்வது அவளையே என்று அவர் கண்டார். அவர் முறையைப் பின்பற்றி, எழுதப் படிக்கக் கற்பதற்கும் குடும்பநலத்துக்கும் தொடர்கள் எழுந்தன. அந்த வழியில் வந்ததே 1984, 1985 ஆண்டுகளில் தூர்தர்ஷனில் இந்தியில் ஒளிபரப்பான ‘ஹம் லோக்’.

இங்கேதான், மாணவ நண்பர்களே, நீங்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அத்தொடரில் பாகவந்தி என்று ஒரு தாய் வருகிறாள். கணவன் குடிகாரன், மாமியார் கடிந்துரைப்பவர். எல்லாவற்றையும் வாய் திறவாமல் பொறுத்துக்கொள்பவள் அவள். பெண் இப்படி இருக்கலாகாது என்று காட்டுவதற்காகவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் முதுபெரும் நடிகர் அசோக்குமார் தோன்றி விளக்கமும் சொன்னார். நாட்டின் பல பாகங்களிலிருந்து நான்கு இலட்சம் கடிதங்கள் வந்து குவிந்தன என்பர். பின்னர் அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் மக்களைக் கேட்டுப் பார்த்தபோது, பார்த்தவர்களில் பலர் அந்தப் பாகவந்தியையே, ‘இவளல்லவா உத்தமி’ என்று தமக்கு முன்மாதிரியாகக் கொண்டிருந்தது தெரியவந்தது! எழுதியவர் ஒன்று விதைத்தார். கண்டவர் வேறொன்றை அறுத்தனர். தம் தாயைப் போல, தம்மைப் போல அவள் இருந்தாள் என்பதே காரணம். ‘மாதிரி’ என்ற உணர்வுக்கு நல்லது கெட்டது பார்க்கத் தெரியாது.

நம் தொடர்களிலும் இந்த அபாயம் நிறையவே இருக்கிறது. பட்டுப் புடவையோடு உறங்கி நகையோடு எழும் பெண்களையும், சூழ்ச்சியே தொழிலாகக் கொண்ட நாத்தனார்களையும், அறை வாங்கிக்கொண்டு தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனைவியரையும் எத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம்! திருச்செல்வமே 2022-இல் தொடங்கிய ‘எதிர்நீச்சல்’ தொடரில், படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுக்களையில் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரன் என்ற மனிதனைக் காட்டினார். ஜனனி முதலிய மருமகள்கள் அவனை எதிர்த்து நின்றதைப் பெண்கள் ஆவலோடு பார்த்தார்கள். நானும் பார்த்தேன், முன்போல் ஏளனம் செய்யவில்லை. ஆனால் பேருந்தில் வரும் சில இளைஞர்கள், அந்தக் குணசேகரன் பெண்களை அதட்டும் தோரணையை அப்படியே நடித்துக்காட்டிச் சிரித்ததையும் கேட்டேன். மறைந்த நடிகர் மாரிமுத்துவின் நடிப்பு அத்தனை சிறப்பு. எனினும் அந்தத் தோரணையோடு அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போது அங்கே ஒரு தங்கை இருப்பாள் அல்லவா?

அப்படியானால் பெட்டியை மூடிவிட வேண்டியதுதானா? முன்பு நான் அப்படித்தான் சொல்லி வந்தேன். பெற்றோர் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொல்லியிருக்கிறேன். இராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரு பொருளியலறிஞர் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இந்தியப் பகுதிகளில் திரட்டப்பட்ட செய்திகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தபோது, தட்டிய கையை மடக்கிக்கொண்டேன். கம்பி வழித் தொலைக்காட்சி புதிதாக வந்த சிற்றூர்களில், மனைவியைக் கணவன் அடிப்பது சரியே என்று கூறும் பெண்களின் தொகை குறைந்திருந்தது. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற வேட்கையும் குறைந்திருந்தது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் பங்கு கூடியிருந்தது. நான் குறை கூறிய அதே தொடர்கள் ஓடிய ஊர்கள்தாம் அவை!

இது எவ்வாறு நேர்கிறது? அறிஞர்கள் பல காரணம் கூறுவர். நான் ஒரு வீட்டில் நேரில் கண்டதைக் கூறுகிறேன்.

கட்டுரை எழுதிய அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். 2007 ஜூன் மாதம், பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அவள் வரவில்லை. மேட்டூர் நீரை எதிர்பார்த்துக் கோடையுழவு நடந்துகொண்டிருந்த வேளை. மிதிவண்டியில் அவள் ஊருக்குப் போனேன். தந்தை குத்தகைச் சாகுபடி செய்பவர், நல்ல மனிதர். திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார்.

“வாத்தியாரய்யா கோவிச்சுக்கக் கூடாது. பொண்ணுக்கு இவ்வளவு படிப்பு போதும். மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருக்கோம்” என்றார்.

நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். முத்துலட்சுமி ரெட்டி 1912-லேயே மருத்துவப் பட்டம் பெற்றதைச் சொன்னேன். பக்கத்திலுள்ள மூவலூரில் வாழ்ந்த இராமாமிர்தம் அம்மையாரைச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். தெய்வத்தைப் பற்றிய செய்தியைக் கேட்பது போலக் கேட்டார். அவ்வளவுதான்.

அப்பொழுது கதவுக்குப் பின்னால் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அந்த அபிப் பொண்ணு மட்டும் படிக்காம இருந்திருந்தா, அந்த வீட்டுக்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு என்ன கதிக்கு ஆளாகியிருக்கும்?”

“அது கதைடி” என்றார் அவர்.

“கதைதான். அந்தப் பாஸ்கரு மாதிரி ஆளு கதையில மட்டுந்தான் இருக்கானா?”

திண்ணையில் ஓசையே இல்லை. உள்ளே, கூடத்துத் தூணோரம், கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். மூத்த மகள். பதினெட்டு வயதில் மணமாகி, ஆறு மாதமாகத் தாய்வீட்டில் இருக்கிறாள் என்பது எனக்குப் பின்னர்தான் தெரியும். அவள் பெயரை அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் தந்தை எழுந்து போயிருப்பார். மானத்துக்கு அஞ்சிய மனிதர். அபியின் பெயரை எடுக்கலாம். அபிக்கு நேர்ந்த கொடுமையைப் பேசலாம், வழக்காடலாம், தீர்ப்பும் சொல்லலாம். தம் வீட்டுத் துயரத்தைப் பேச அவர்களுக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் துயரத்தைப் பேசுவது போல அதைப் பேசினார்கள். நான் கொண்டுபோன பெருமாட்டிகள் எவராலும் அந்த உதவியைச் செய்ய முடியவில்லை.

நெடுநேரம் கழித்து, “ரெண்டு வருஷந்தானே, போகட்டும்” என்றார் தந்தை.

இரண்டு ஆண்டு ஐந்தாயிற்று. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, 2009-இல் தஞ்சைக் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கல்லூரியில் வணிகவியலில் சேர்ந்தாள். அபியைப் போல அவள் கட்டடம் கட்டவில்லை. ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கெழுதுகிறாள். உழவர்கள் நகைக்கடனுக்கு வரிசையில் நிற்கும் நாள்களில் அவளுக்கு மதியச் சாப்பாடு மாலை நான்கு மணிக்குத்தான். இக்காலத்தில் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரி செல்லும்போது மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-இலிருந்து இருக்கிறது. அதுவும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலேயே இருக்கிறது. முன்பு அதே பெயரில் இருந்தது திருமண உதவித் திட்டம். இவள் படித்த நாளில் இந்தப் பணம் இல்லை. தாய் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ச் சேர்த்ததுதான்.

சென்ற தை மாதத்தில் சங்கத்து வாயிலில் அவளைச் சந்தித்தேன். அந்த இரண்டு மதிப்பெண்ணைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன், அவள் சிரித்துவிட்டாள். “அந்தக் ‘கோலங்கள்’ கடைசியில் எப்படித்தான் அம்மா முடிந்தது? நான் பார்க்கவில்லையே” என்று கேட்டேன்.

“எனக்கும் தெரியாது சார். அது முடியறப்ப நான் தஞ்சாவூர்ல ஹாஸ்டல்ல இருந்தேன். அங்க எங்களுக்கு டி.வி. கிடையாது. அம்மாவும் அக்காவுந்தான் கடைசி வரைக்கும் பார்த்தாங்க. நீங்க அக்காவைத்தான் கேக்கணும்” என்றாள்.